ஏழாயிரத்தில் கிடைத்ததை இரண்டாயிரத்தில் வாங்கலாமா?

தலைப்பில் இருப்பது ரூபாய் இல்லை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற ஆர்.பி.எம். கணக்கு. திருவான்மியூரில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவரிடம் 2011 மாடல் நிஸான் 370இஸட் இருக்கிறது. ஆறு கியர், மேனுவல், இரண்டே சீட். ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். இப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் இஸட்டை விற்றுவிட்டு 2021 மாடல் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ எக்ஸ்டிரைவ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா என்று பார்க்கிறார். "வேகத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை அண்ணா. ஆறு மாசம் கழிச்சு வருத்தப்படுவேனா, அதுதான் தெரியணும்" என்கிறார்.

வருத்தப்படுவீர்கள் தம்பி. ஆனால் எது போய்விடும் என்று இப்போது பயப்படுகிறீர்களோ, அதை நினைத்து வருத்தப்பட மாட்டீர்கள். வேறு ஒன்றை நினைத்துத்தான் வருத்தப்படுவீர்கள். அது என்ன என்று சொல்லக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. துபாயில் வேலை பார்த்தபோது 2013 முதல் 2019 வரை டொயோட்டா 86 வைத்திருந்தேன். இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், 7,400 ஆர்.பி.எம். ரெட்லைன் (எஞ்சினைச் சுற்றவிடலாம் என்கிற கடைசி எல்லை), மேனுவல். ஊர் திரும்பும்போது விற்றுவிட்டு வந்தேன். 2021 கடைசியில் நீங்கள் பார்க்கும் இதே எம்340ஐ வாங்கினேன். எஞ்சின் காலிபரேஷன், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு, அதனால் இரண்டு விதமான எஞ்சினும் உள்ளே என்ன செய்கிறது என்று ஓரளவு தெரியும். தெரிந்திருந்தும் முதல் ஆறு மாதம் அந்தக் காரை நான் சரியாக ஓட்டவில்லை.

நீங்கள் இதை ஒரே மாற்றம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி), ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு போவது), கூடுதல் எடை என்று நான்கு மாற்றம் ஒரே நாளில் வருகிறது. பிடிக்காமல் போனால் எது பிடிக்கவில்லை என்றே தெரியாது. டர்போவைத் திட்டுவோம், உண்மையில் குறை கியர்பாக்ஸில் இருக்கும். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

டர்போவிலிருந்து தொடங்குகிறேன், பெரிய விஷயம் அதுதான்.

உங்கள் இஸட்டில் இருப்பது 3.7 லிட்டர் வி6. பிஸ்டனின் விட்டம் 95.5 மி.மீ., அது மேலும் கீழும் போகும் தூரம் 86 மி.மீ. அகலம் அதிகம், பயணம் குறைவு. மேலே சுற்றுவதற்கென்றே அமைந்த உடல்வாகு. அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) 363 நியூட்டன் மீட்டர், அதுவும் 5,200 ஆர்.பி.எம்.மில்தான். சுமார் 330 குதிரைத்திறன் 7,000-இல் வருகிறது, ரெட்லைன் 7,500. எம்340ஐயில் இருப்பது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். விட்டம் 82, பயணம் 94.6 மி.மீ., அப்படியே தலைகீழ். 500 நியூட்டன் மீட்டர், 1,900 பக்கமே தொடங்கி 5,000 வரை மேசை போட்டது மாதிரி சமமாகப் போகும். 387 குதிரைத்திறன் 5,800-இலேயே வந்துவிடும்.

இந்த எண்களை இப்படியே படித்தால் ஒன்றும் புரியாது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36-ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். சிக்னலில் இருந்து கிளம்பி, முன்னே இருக்கும் ஆட்டோவைத் தாண்ட 2,000 ஆர்.பி.எம்.மில் மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். எம்340ஐ அங்கே 142 குதிரைத்திறன் கொடுக்கும். உங்கள் இஸட் தன் முழு 363-ஐயும் அங்கேயே கொடுத்தால்கூட 103-தான், அவ்வளவும் அங்கே கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். என் பழைய 86-க்கு அதே தாராளக் கணக்கில் 58. அதாவது நீங்களும் நானும் வருடக்கணக்கில் கியரை இறக்கி, ரெவ்வை ஏற்றி, சத்தத்தைக் கேட்டுச் சம்பாதித்த ஒன்றை, இந்தக் கார் சும்மா கிடக்கும்போதே கையில் வைத்திருக்கிறது.

கேட்க ஆனந்தமாக இருக்கும். ஓட்டும்போது வேறு மாதிரி.

மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்துக்கு அப்பால் இ.சி.ஆரில் போயிருப்பீர்கள். முன்னே ஒரு அரசு பஸ், எதிரே கொஞ்ச தூரத்துக்கு ரோடு காலி. இஸட்டில் என்ன செய்வீர்கள்? பஸ்ஸுக்கு இரண்டு கார் நீளம் முன்னாலேயே மனசு தயாராகும். நான்காவதிலிருந்து இரண்டாவதா மூன்றாவதா என்று ஒரு நொடி யோசனை. கிளட்ச், ஒரு தட்டு, மூன்றாவது. ஊசி 5,000 தாண்டியதும் வி6 குரல் மாறும். பஸ்ஸின் கடைசி ஜன்னல், நடு ஜன்னல், டிரைவர், பிறகு வெட்டவெளி. மறுபடி நான்காவது. மொத்தம் ஐந்து ஆறு நொடிதான், ஆனால் அதில் நீங்கள் செய்த வேலை பத்து. எம்340ஐயில் கால் கட்டை விரலை லேசாக அழுத்துவேன், கியர்பாக்ஸ் தானாக இரண்டு கியர் இறங்கும், பஸ் பின்னால் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பேச்சை நிறுத்தவே மாட்டார். முந்தியதாகவே அவருக்குத் தெரியாது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதுதான் மேல், எதிர் லேனில் நாம் இருக்கும் நேரம் குறைகிறது. ஆனால் நினைவில் நிற்பது பழையதுதான். நான்கு வருடத்தில் இந்தக் காரில் எத்தனையோ பஸ்ஸைத் தாண்டியிருப்பேன், ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் இழுப்பு. காலை அசைக்காமல் வைத்திருந்தால் இழுப்பும் பெரிதாக மாறாது. டர்போவில் கால் அப்படியே இருக்கும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும், இழுப்பு தானாகக் கூடும். இந்த எஞ்சினில் டர்போ லேக், அதாவது டர்போ விழிக்க எடுக்கும் தாமதம் என்று பெரிதாகக் குறை சொல்ல முடியாது, இதன் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். இருந்தாலும் அந்த அரை நொடிச் சமாச்சாரம் இருக்கிறது. பழைய பழக்கத்தில், "போதவில்லையே" என்று காலை இன்னும் கொஞ்சம் அழுத்துவீர்கள். அதற்குள் முதலில் கேட்டதும் வரும், பிறகு கேட்டதும் வரும். இரண்டும் சேர்ந்து வரும்போது முன்னால் இருப்பது பள்ளி வேனாக இருந்தால் சிக்கல். கொஞ்சம் அழுத்திவிட்டுக் காத்திருக்கப் பழக வேண்டும். எனக்கு இதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது.

ரெட்லைன் ஆசையையும் விட்டுவிட வேண்டும். இஸட்டில் 7,500 வரை இழுத்தால்தான் லாபம். இங்கே 5,800-க்கு மேலே புதிதாக எதுவும் கிடைக்காது, 6,500 வரை அதே பலம்தான், அப்புறம் சரிவு. மேனுவல் மோடில் போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் துடுப்பைத் தட்டி, கடைசி வரை இழுத்துப் பார்த்து "ஏனோ தொண்டை அடைத்த மாதிரி இருக்கிறதே" என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இந்தக் காரின் ருசி 2,500-க்கும் 5,000-க்கும் நடுவில். அங்கேயே வைத்து ஓட்டுங்கள். சத்தத்திலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சின் சத்தம் நல்லதுதான், ஆனால் உள்ளே கேட்பதில் கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுப்பது. முதல் முறை அது தெரிந்தபோது, கல்யாண வீட்டில் நாதஸ்வரம் என்று நினைத்துக் கிட்டப் போனால் செல்போனில் ஓடுவது மாதிரி இருந்தது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஏழாயிரம் ஆர்.பி.எம். போய்விடும் என்பதுதானே? ஒரு வாரம் ஒரு கணக்கு எடுங்கள். திருவான்மியூரிலிருந்து ஆபீஸ் போய் வருவதில், வார இறுதியில் முட்டுக்காடு போய் வருவதில், ஊசி 6,000-க்கு மேல் எத்தனை நொடி இருந்தது என்று பாருங்கள். சென்னைக்குள் காருக்கு வேக வரம்பு 2023 நவம்பரிலிருந்து மணிக்கு 60 கி.மீ. உங்கள் இஸட் முதல் கியரிலேயே ரெட்லைனைத் தொடும்போது அதைத் தாண்டிவிடும். இரண்டாவது கியரில் ரெட்லைன் என்றால் 110 பக்கம். நகரத்துக்குள் அந்த எஞ்சினின் மேல்மாடிக்குச் சட்டப்படி போவதென்றால் ஒரே ஒரு கியர், அதிலும் பாதி. வாரத்துக்கு அரை நிமிடம் தேறினால் பெரிய விஷயம். நம் மனசு மட்டும் வாரம் முழுக்க அங்கேயே குடியிருக்கிறது.

அப்படியானால் எதை இழப்பீர்கள்? சின்னச் சின்ன வேலைகளை. காலையில் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கால் தேடிக் கண்டுபிடிப்பது, சிக்னலை நோக்கி வரும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது, இறக்கும்போது எஞ்சின் சுற்றைப் புதிய கியருக்குப் பொருத்துவது. உங்கள் இஸட் இந்தக் கடைசி வேலையைத் தானே செய்து கொடுக்கும், மேனுவல் கியர்பாக்ஸில் அப்படி ஒரு வசதியை முதலில் கொண்டுவந்தது அந்தக் கார்தான். ஆனால் உங்களைப் போன்ற ஆட்கள் அந்த பட்டனை அணைத்துவிட்டுத் தாங்களே ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதித்து ஹீல் அண்ட் டோ போடுவார்கள் என்று நினைக்கிறேன். தினமும் நூறு தடவை நடப்பது அது. அதற்குத் தெரு போதும், மலையோ டிராக்கோ வேண்டாம். நான் இழந்தது அதைத்தான். ஆறு மாதம் டர்போவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தங்கையின் பழைய மேனுவல் ஸ்விஃப்டை சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். அடையாறு போய்ச் சேர்வதற்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எனக்குக் குதிரைத்திறனும் ரெவ்வும் பற்றாமல் போகவில்லை, இடது கால் சும்மா இருந்ததுதான் குறை.

அந்த இடது கால் முதல் வாரத்தில் ஆபத்தும்கூட. கார் வாங்கிய மூன்றாம் நாள், டைடல் பார்க் சிக்னல். வண்டி மெதுவாக ஊர்ந்து நிற்கப் போகிறது. இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், அங்கே இருந்த அகலமான பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்தது. கிளட்சுக்கு மிதிக்கிற மிதி பிரேக்கில் விழுந்தால் என்ன ஆகும்? கார் ஆணி அடித்த மாதிரி நின்றது, டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் என் மடிக்கு வந்தார். பின்னால் வந்த ஆட்டோ அரை அடியில் நின்றது. "சாவுகிராக்கி, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் இரண்டு வாரம் இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பதற்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

மற்றபடி அந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். இஸட்டின் கிளட்ச் கனத்துக்கு அந்தப் பயணம் முடிந்ததும் முட்டி வலி அப்பாவுக்கு மட்டும் இருக்காது.

ஆல் வீல் டிரைவ் பற்றி நிறையப் பேர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூ.வின் ஆல் வீல் டிரைவான எக்ஸ்டிரைவ் அடிப்படையில் பின் சக்கரக் கார்தான். பின் சக்கரம் வழுக்கப் போகிறது என்று தெரிந்தால், நடுவில் இருந்து பலத்தைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் இறுகி, முன் சக்கரத்துக்கும் பங்கு அனுப்பும். ஐப்பசி மழையில், எண்ணெயும் தண்ணீரும் கலந்த மேம்பாலத்து வளைவில், இஸட்டின் பின்புறம் லேசாக நழுவியதும் உங்கள் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அது வராது. கிளம்பும்போது, வளைவிலிருந்து வெளியே வரும்போது இது வரம்தான். ஆனால் நிற்பதற்கு? எல்லாக் காரும் நான்கு சக்கரத்தாலும்தான் நிற்கிறது. உங்கள் இஸட்டும் அப்படித்தான், பழைய மாருதி 800-உம் அப்படித்தான். ஆல் வீல் டிரைவ் பிரேக்குக்கு ஒரு அங்குலம்கூட உதவாது. மழையில் சீக்கிரம் வேகம் எடுக்க வைக்கும், அந்த வேகத்தைக் குறைக்க மட்டும் உதவாது. ஆல் வீல் டிரைவ் கார்கள் மழையில் முட்டி நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தைரியம்.

தேங்கிய தண்ணீரிலும் அதே கதை. நான்கு சக்கரம் சுற்றுகிறது என்பதற்காக வேளச்சேரி வெள்ளத்தில் இறங்காதீர்கள். எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எத்தனை சக்கரம் சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அந்த புத்திசாலித்தனம் எந்த எக்ஸ்டிரைவுக்கும் கிடையாது. இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கும், அதைச் சேர்க்காமல் இந்தக் காரைச் சென்னையில் வைத்திருக்காதீர்கள்.

மலையில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வாங்கிய இரண்டாம் மாதம் ஏலகிரி போனேன். ஏற்றம் பொன்னேரியில் தொடங்கும். நம்ம திருவள்ளூர் பொன்னேரி இல்லை, ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பொன்னேரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருப்பார்கள். 86-இல் அமீரகத்து ஜெபல் ஜைஸ் மலை ஏறிய கை இது என்ற திமிர் எனக்கு. மூன்றாவது வளைவில் மூக்கு உடைந்தது, நல்ல வேளை காருக்கு இல்லை. நடந்தது இதுதான். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நேர்ப்பாதையில் 86 எடுக்கும் வேகம் என் உடம்புக்குத் தெரியும், எந்த மரம் வந்தால் பிரேக் என்று கால் தானே கணக்குப் போடும். இந்தக் கார் அதே தூரத்தில் இருபது கி.மீ. அதிகம் எடுத்துவிடுகிறது, சத்தமில்லாமல். கூடவே 86-ஐவிட நானூறு கிலோவுக்கு மேல் எடை அதிகம். கண் பழைய இடத்தில் பிரேக்கைக் கேட்டது, அது போதவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், மூக்கு திரும்ப மறுத்து வெளிப்பக்கமாகவே போனது. எதிரே யாரும் வராதது அன்றைய புண்ணியம்.

இஸட்டில் இந்த மாதிரி நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் கொடுத்துக் காரின் பின்பக்கத்தை வைத்தே திருப்புவீர்கள், அதுதானே பின் சக்கரக் காரின் சுகம். இதிலும் பின்புறம் ஓரளவு பேசும், ஆனால் அதைக் கேட்க நீங்கள் முதலில் மெதுவாக உள்ளே போக வேண்டும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பொறுமையாக இருங்கள், கார் திரும்பி முடித்ததும் இஸட்டில் மிதிப்பதைவிட முன்னாலேயே மிதியுங்கள். அப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி வெளியே எடுக்கும். இது பிடிபட்ட பிறகு ஏற்காட்டின் இருபது வளைவையும் நான் ரசித்துத்தான் ஏறினேன். ஆனால் ரசனை வேறு. 86 நாட்டுப் பாட்டு என்றால் இது மேடைக் கச்சேரி, ஒன்றைக் கேட்கும் காதோடு மற்றதற்குப் போகக் கூடாது.

ஸ்டீயரிங்கில் மட்டும் ஆறுதல் சொல்ல எனக்கு வழியில்லை. உங்களுடையது ஹைட்ராலிக், ரோட்டில் கிடக்கும் மணல் வரை உள்ளங்கைக்குச் சொல்லும். இதில் மின்சார உதவி, துல்லியம் உண்டு, பேச்சு குறைவு. நான்கு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

சரி, வாங்குவதென்றே முடிவு செய்தால் எதைப் பார்ப்பது?

டயரை முதலில். டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்சுக்கு முன், பின் சக்கரங்கள் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவில் உருள வேண்டும். ஒரு டயர் புதிது, இன்னொன்று வழுக்கை என்றால், நேர் ரோட்டில் போகும்போதுகூட அந்தக் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா, தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று கையோடு அளந்து பாருங்கள். விற்பவர் நாலு டயரில் நாலு கம்பெனி போட்டிருந்தால், காரின் மீது அவருக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான். இந்தச் செலவு உங்களுக்கும் வரும். பெருங்குடிப் பக்கம் தோண்டிவிட்டு மூடாமல் விட்ட பள்ளம் ஒன்றில் என் பின் டயரின் பக்கவாட்டு கிழிந்தது. ரன்ஃபிளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்பதால் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு டயர் மட்டும் மாற்ற மனம் வரவில்லை, பின்னால் இரண்டையும் மாற்றினேன். இஸட்டுக்கும் இரண்டுதான் மாற்றியிருப்பீர்கள், ஆனால் முன் டயரோடு சுற்றளவு ஒத்துப்போகிறதா என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்து, எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பிங்கை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று. இந்த எஞ்சினுக்கு லேப்டாப்பைச் செருகி நிறையக் குதிரையை ஏற்றலாம், விற்கும் முன் பழையபடி மாற்றியும் வைக்கலாம். எஞ்சின் தாங்கும் என்பது வேறு விஷயம், வாரண்டி தாங்காது. நேராகக் கேளுங்கள், கேட்கும்போது முகத்தைப் பாருங்கள், பிறகு கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

சென்னைக் கார் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கே நின்றது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், எல்லாரும் சீட்டைக் கழுவுவார்கள், பெல்ட்டின் கடைசி ஒரு அடியை மறந்துவிடுவார்கள். அங்கே மண் கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கிப் பக்கம் இருக்கிறது, அந்தக் குழியில் கையை விட்டு ஈரமா, துருவா, வண்டலா என்று தடவுங்கள்.

பெட்ரோலில் கஞ்சத்தனம் ஆகாது. டர்போ எஞ்சினில் காற்றை அழுத்தித் திணிக்கிறோம், அழுத்தம் கூடினால் வெப்பம் கூடும், பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடிக்கப் பார்க்கும். அது தெரிந்ததும் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், பலம் குறையும். கத்திரி வெயிலில் அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு மிதித்தால் இந்தச் சோர்வு நன்றாகவே தெரியும். நான் இந்தியன் ஆயிலின் உயர் ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 போடுகிறேன், தூரப் பயணத்துக்கு எக்ஸ்பி100. எஞ்சின் ஆயிலையும் கம்பெனி சொல்லும் கடைசி கிலோ மீட்டர் வரை ஓட்டாமல், முன்னாலேயே மாற்றிவிடுகிறேன். டர்போவின் தண்டு அந்த ஆயிலில்தான் மிதக்கிறது.

விலை பற்றி ஒரே வார்த்தை. 2021 மார்ச்சில் இது வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம். நம்ம மறைமலை நகர்ப் பக்கம் இருக்கும் ஆலையிலேயே பொருத்தப்பட்ட கார் என்பதால்தான் அந்த விலை. இறக்குமதியாக வந்த உங்கள் இஸட்டைவிடப் பாகம் கிடைப்பதும் சுலபம். இஸட்டில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்கு உள்ளேயே இருப்பது உங்களுக்குத் தெரியும், அது கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது, ஏதோ ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் கார் ஷெட்டில் நிற்பதைத் தாங்க முடியாது.

ஆகவே என் கருத்து, வாங்குங்கள். ஆனால் வாங்கும் முன் ஒரு பரிசோதனை. ஹூண்டாய் வெர்னாவில் 1.5 லிட்டர் டர்போ, 160 குதிரைத்திறன், மேனுவல் கியரோடு வருகிறது. யாரிடமாவது கேட்டு வாங்கி ஒரு நாள் ஓட்டுங்கள். முன் சக்கரக் கார்தான், பலமும் பாதிக்குக் குறைவு, பரவாயில்லை. டர்போ இருக்கிறது, கிளட்சும் இருக்கிறது. அதில் நீங்கள் சந்தோஷமாக இருந்தால் டர்போ உங்களுக்கு எதிரி இல்லை, நீங்கள் பிரிய முடியாதது மேனுவலைத்தான் என்று அர்த்தம். அப்படியானால் இஸட் விற்ற பணத்தில் எம்340ஐ போக மிச்சம் பிடித்து, ஒரு பழைய மேனுவல் ஸ்விஃப்ட் வாங்கித் தெருவில் நிறுத்துங்கள். தங்கையிடம் இருந்து அந்த ஸ்விஃப்டை நான் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை ஃபில்டர் காபிக்கு மயிலாப்பூர் போவது அதில்தான். வெர்னாவிலும் மனசு ஒட்டவில்லை, எஞ்சின் மேலே கத்தாமல் கார் ஓட்டுவதே உப்பில்லாத சாப்பாடு என்று பட்டால், இஸட்டை விற்காதீர்கள். வீட்டுக்கு வேறு சாதாரண கார் ஒன்று வாங்கிக்கொண்டு, இதை மாதத்துக்கு ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போங்கள், டிராக்கில் 7,500-க்கு யாரும் சலான் எழுத மாட்டார்கள். ஆயில் சூட்டில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். அப்பாவைக் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்து, மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இஸட்டோடு ஒப்பிட்டால் எந்தக் காரும் உயரமாகத்தான் தெரியும், ஆனால் இதுவும் தாழ்ந்த செடான்தான், முட்டி வலிக்காரருக்கு இறங்கும்போது கையைப் பிடிக்க ஆள் தேவைப்படலாம். அவர் முகம் சுளித்தால் மேலே எழுதியது அத்தனையும் வீண், உயரமான வண்டி எதையாவது பார்க்க வேண்டியதுதான். அதற்கு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் தம்பி.